சிவரூபன் மவுஸ் வாங்கிய கதை

சிவரூபனுக்கு முப்பத்தெட்டு வயதாகும்வரை அவனுடைய வீட்டுக் கணினியில் ஒரு படம்கூடத் தெரிந்ததில்லை. கணினியில் பழுது ஒன்றுமில்லை. அவன்தான் தெரிய விடவில்லை.

இணுவிலில், கோயில் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் மூன்றாவது வீடு அவனுடையது. முன் அறையில் ஒரு மேசை, மேசையில் ஒரு பெரிய திரை, திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பில் வெள்ளை எழுத்துக்கள், கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் மினுங்கி மினுங்கி அணைகிற ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். அவன் பாவித்தது யுனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அவன் அதை நிறுவிய காலத்தில் படமும் பொத்தானும் கொண்ட டெஸ்க்டொப் அதனோடு சேர்ந்து வராது. வேண்டுமென்றவன் தானே ஒவ்வொரு துண்டாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். சிவரூபன் பொருத்தவில்லை. பொருத்தாமல் விட்டதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிடுவதற்குள் அதை ஒரு விரதமாக்கிவிட்டான்.

ஒஸ்லோவில் ஒரு கம்பெனியின் சேர்வர்களை வீட்டிலிருந்தபடியே பராமரிப்பது அவன் தொழில். அதற்குக் கறுப்புத் திரை தாராளமாகப் போதும். கட்டளையை எழுத்தில் அடித்தால் அங்கே கடல் கடந்து சேர்வர் கேட்கும். தொழிலில் அவன் கெட்டிக்காரன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு வருடத்தில் அவன் கையிலிருந்த ஒரு சேர்வரும் விழவில்லை. ஆனால் கெட்டிக்காரனாக இருப்பது மட்டும் எங்கள் பக்கத்தில் யாருக்குப் போதுமாக இருந்திருக்கிறது? தனக்குக் கீழே நாலு பேர் நின்றால்தானே தான் நிற்கிற படி எத்தனையாவது என்று தெரியும்.

அந்தப் படிகளைச் சிவரூபன் மிகத் துல்லியமாக வகுத்து வைத்திருந்தான். விண்டோஸ் பாவிக்கிறவர்கள் கோயிலின் வெளிவீதியோடு நிற்க வேண்டியவர்கள். அப்பிள் மக் வைத்திருப்பவர்களிடம் வசதி உண்டு, வசதி குலமாகாது. லினக்ஸ்காரர் கோபுர வாசல் வரை வரலாம். ஃப்ரீபிஎஸ்டி பாவித்தும் மேலே டெஸ்க்டொப் போட்டவர்கள் வசந்த மண்டபத்தோடு நிற்க வேண்டும். மூலஸ்தானத்தில் கறுப்புத் திரையும் அவனும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவன், "மென்பொருளில் உயர்வு தாழ்வு இல்லை, அது மனுக்குலத்தின் பொதுச் சொத்து" என்று முகநூலில் நீண்ட கட்டுரைகள் எழுதினான். எழுதியது கைத்தொலைபேசியில். அவனுடைய கணினியில் முகநூல் திறக்காது.

மவுஸ் பற்றி அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "மவுஸ் பிடிக்கிற கை யோசிக்காது." கலியாண வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி என்று எங்கே போனாலும் அதை ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

இப்படிப்பட்டவன் தனியே இருக்க மாட்டான் அல்லவா. 'கறுப்புத் திரை வட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, மாதத்தில் முதலாவது சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தன் முன் அறையில் கூட்டம் வைத்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவனே. அங்கத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் நெல்லியடியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தியாகலிங்கம். அவர் யுனிக்ஸுக்காக வந்தாரா, சிவரூபனின் மனைவி கீர்த்திகா சுடும் உளுந்து வடைக்காக வந்தாரா என்பது இன்றுவரை முடிவாகாத விஷயம். இன்னொருவன் சுபாங்கன், சுன்னாகத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். மூன்றாவது அரியாலைக் கஜானன். வங்கியொன்றில் கணினிப் பகுதியில் வேலை.

இந்தக் கஜானன் ஒரு சனிக்கிழமை ஏதோ காட்டுவதற்காகத் தன் மடிக்கணினியைத் திறந்தான். திறந்த திரையில் மயிலோடு முருகன். முருகனின் காலடியில் வரிசையாக நிறநிறமாகச் சின்னப் படங்கள். மறைக்க மறந்துவிட்டான்.

தியாகலிங்கம் வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சிவரூபன் ஒன்றும் சொல்லவில்லை; எங்கள் ஆட்கள் தள்ளிவைக்கும்போது வாய்திறந்து சொல்லித் தள்ளிவைப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கஜானன் வந்தபோது வீட்டு வைஃபையின் கடவுச்சொல் மாறியிருந்தது. மற்ற இருவருக்கும் புதிய கடவுச்சொல். அவனுக்கு மட்டும் 'விருந்தினர்' என்று தனியே ஒரு இணைப்பு. அதற்கடுத்த மாதம் கூட்டச் செய்தியே அவனுக்குப் போகவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்த இரவு சாப்பாட்டில் கீர்த்திகா கேட்டாள். "கஜானன் ஏன் இப்ப வாறேல்லை?"

"அவனுக்கு இது சரிவராது."

"உங்கடை அப்பப்பா ஆக்களைக் கிணத்திலை அள்ள விடேல்லை எண்டு நீங்கள்தானே மேடையிலை ஏறிக் கதைக்கிறனீங்கள். நீங்கள் வைஃபையிலை அள்ள விடுறியள் இல்லை."

"உமக்கு உது விளங்காது கீர்த்தி. அது வேறை, இது தொழில்நுட்பம்."

கீர்த்திகா யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் காணிப் படம் வரைபவள். வேலி ஒரு முழம் இங்கால் வந்ததா அங்கால் போனதா என்று நாள் முழுதும் விண்டோஸ் கணினியில் கோடு இழுப்பவள். அந்த மடிக்கணினியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கலியாணமான புதிதில் சிவரூபன் கேட்டிருந்தான். அவளும் கொண்டுவருவதில்லை. விளங்காதது எது, விளங்கியது எது என்று அவள் அதற்குமேல் வாதாடவில்லை. கறியைக் கரண்டியால் அள்ளி அவன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள்.

அது நடந்து எட்டு மாதம் கழித்து ஒஸ்லோவில் மேலாளர் மாறினார். புதிதாக வந்தவள் இங்கிரிட் என்ற பெண். வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். இனித் திங்கட்கிழமைகளில் எல்லோரும் வீடியோவில் முகம் காட்ட வேண்டும். அவரவர் திரையைப் பகிர்ந்து, அந்த வாரம் செய்வதை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்.

சிவரூபன் நாலு பக்கத்தில் பதில் எழுதினான். கட்டளை வரியின் தூய்மை பற்றியும், படத்தில் மயங்குகிற மனம் பற்றியும், ஏழு வருடத்தில் விழாத சேர்வர்கள் பற்றியும் எழுதினான். கைத்தொலைபேசியில் வந்து முகம் காட்டினால் போதாதா என்று கடைசியில் ஒரு வரி. இங்கிரிட்டின் பதில் இரண்டு வரி: "கடிதம் சுவையாக இருந்தது. திரையைப் பகிர வேண்டும், தொலைபேசி சரிவராது. திங்கள், உங்கள் நேரம் ஒன்றரைக்குச் சந்திப்போம்."

அது வியாழக்கிழமை. வேலையை விட்டுவிடலாமா என்று அவன் யோசித்தான். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்வரை யோசித்தான். பிறகு மேசையைப் பார்த்தான். டெஸ்க்டொப் போடுவதென்றால் முதலில் ஒரு மவுஸ் வேண்டும். அந்த வீட்டில் மவுஸ் என்ற சாமான் இருந்ததேயில்லை.

மருதனார்மடத்தில் கடை இருக்கிறது. சுன்னாகத்தில் ஐந்து கடை, அதில் ஒன்று சுபாங்கனுடையது. யாழ்ப்பாண நகரத்தில் தடுக்கி விழுந்தால் கணினிக் கடைதான். சிவரூபன் வெள்ளிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்து, உரும்பிராய் தாண்டி, புத்தூர் தாண்டி, வெய்யிலில் நெல்லியடிக்குப் போனான். ஊரில் பெயருள்ள மனிதர்கள் கள்ளுக் குடிக்க அடுத்த ஊருக்குப் போவார்களே, அந்தப் போக்கு. தியாகலிங்கத்தின் ஊர் அது என்பது அவனுக்கு மறந்துபோகவில்லை. வெள்ளிக்கிழமை ஆனபடியால் மனிதர் கோயிலில் நிற்பார் என்று கணக்குப் போட்டிருந்தான்.

கணித ஆசிரியரைப் பற்றிப் போட்ட அந்தக் கணக்குத்தான் பிழைத்தது. மவுஸை வாங்கிக்கொண்டு அவன் திரும்ப, கடை வாசலில் ஏதோ படிவம் போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்றார் தியாகலிங்கம்.

"என்ன தம்பி, இஞ்சாலைப் பக்கம்?"

"சும்மா சேர். ஒரு அலுவல்."

"கையிலை என்ன, மவுஸே?"

சிவரூபன் பெட்டியைத் தொடைக்குப் பின்னால் கொண்டுபோனான். "மனிசிக்கு. அவவின்ரை ஒப்பீசுக்கு."

"அவவின்ரை ஒப்பீஸ் யாழ்ப்பாணத்திலையெல்லோ? அங்கை மவுஸ் கிடையாதே?"

"இஞ்சைதான் நல்லது எண்டு சொன்னவை."

"ஓமோம்," என்றார் தியாகலிங்கம். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நெல்லியடி மவுஸுக்குப் பேர்போன இடம்தானே."

வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்தினான். கந்தசஷ்டி விரதத்தில் ஒளித்திருந்து மீன் பொரியல் தின்கிறவன் எப்படிக் கதவைச் சாத்துவானோ, அப்படி. முதலில் திரையில் படம் வரைகிற அடிப்படைத் துண்டு, எக்ஸ் என்று பெயர், அதை இறக்கினான். பிறகு திரை அட்டையை ஓட்டுவதற்கான துண்டு. எந்தக் கம்பெனி அட்டை என்று ஒருகணம் தடுமாறினான். இன்டெல்லாகத்தான் இருக்கும் என்று ஒரு வரியை அடித்து, எக்ஸைத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தான்.

திரை ஒருதரம் கண்ணைச் சிமிட்டியது. பிறகு, 'திரைகள் எதையும் காணவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பழையபடி நின்றது. இருபத்தேழு அங்குலத் திரைக்கு முன்னால் இருந்தபடி சிவரூபன் அதை மூன்று தரம் வாசித்தான்.

ஒரு மணித்தியாலம் போனபிறகுதான் பெட்டிக்குள் இருந்தது ஏஎம்டி அட்டை என்று கண்டுபிடித்தான். ஏழு வருடமாக அந்தக் கணினியின் உள்வீட்டுச் சங்கதி எல்லாம் தனக்குத் தெரியும் என்று பேசியவன் அதற்குள் என்ன அட்டை இருக்கிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை. சரியான துண்டைப் போட்டான். இந்தமுறை படம் வந்தது. மூன்று வெள்ளைப் பெட்டிகள், மூலையில் ஒரு மணிக்கூடு. மவுஸை அசைத்தான், திரையில் ஒரு குறி அசைந்தது. வலப்பக்கம் கொண்டுபோனான், போனது. இடப்பக்கம் கொண்டுவந்தான், வந்தது. பத்து நிமிடம் இதையேதான் செய்தான்.

சனிக்கிழமை டெஸ்க்டொப்பை ஏற்றினான். எக்ஸ்எஃப்சிஈ என்பது அதன் பெயர். பாரமில்லாதது, அதனால் பாவமும் குறைவு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வந்தது சரி, ஆனால் ஒரு சாளரத்தை இழுத்தால் அது சேற்றில் மாட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவுமெஷின் போல வந்தது. கையேட்டைத் திறந்தான். மற்றவர்களுக்கு 'முதலில் கையேட்டை வாசி' என்று எழுதி அனுப்புகிறவன் அதைத் திறந்து ஆறு வருடம். திரை அட்டையைத் தொடுவதற்கு, பாவனையாளர் 'வீடியோ' என்ற குழுவில் அங்கத்தவராக இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அவன் அந்தக் குழுவில் இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கு அங்கத்துவம் கொடுப்பதும் பறிப்பதுமாக இருந்த மனிதனுக்குத் தன் சொந்த மெஷினில் அங்கத்துவம் இல்லை. தன் பெயரைத் தானே சேர்த்துக்கொண்டான். சாளரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.

கதவில் தட்டுக் கேட்டது. "இஞ்சருங்கோ, தேத்தண்ணி."

"வாசலிலை வையும். வாறன்."

"உள்ளை என்ன செய்யிறியள் ரெண்டு நாளா?"

"சேர்வர் வேலை."

"சேர்வர் வேலைக்கு டிங் டிங் எண்டு மணி அடிக்குமே?"

சிவரூபன் அவசரமாகச் சத்தத்தை அணைக்கும் பொத்தானைத் தேடினான். பொத்தான்களோடு பழக்கமில்லாதபடியால், கண்டுபிடிப்பதற்குள் இன்னும் நாலு தரம் அடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உலாவியைத் திறந்து முதல் வேலையாகத் தன் முகநூல் பக்கத்துக்குப் போனான். 'தாய்மொழியில் கணிமை: எங்கள் உரிமை' என்று அவன் எழுதிய கட்டுரை அங்கே இருந்தது. இருந்த இடத்தில் ஒரு எழுத்தில்லை. வரிசை வரிசையாக வெறும் சதுரங்கள், வேலி அடைக்க நட்ட கதியால்கள் போல. தமிழ் எழுத்துரு ஒன்றும் அந்தக் கணினியில் இல்லை, ஏழு வருடமாக இல்லை. அதையும் இறக்கிப் போட்டான். கட்டுரை தெரிந்தது. ஒரு பந்தி வாசித்துவிட்டு மூடினான்.

திங்கட்கிழமை ஒன்றரைக்கு வெள்ளைச் சேர்ட்டோடு திரையில் பதித்திருந்த கமராவின் முன் இருந்தான். பதினொரு முகங்கள். அதில் ஒன்று ஹோகனுடையது. வெண்தாடி வைத்த பெரிய நிபுணர். சிவரூபன் வட்டத்தில் மேற்கோள் காட்டுகிற வாக்கியங்களில் பாதி அவர் மின்னஞ்சலில் எழுதியவை. மவுஸ் வாக்கியத்தின் மூலவரும் அவர்தான் என்று சிவரூபன் சொல்லியிருந்தான், அது உண்மையோ தெரியாது. ஹோகன் தன் திரையைப் பகிர்ந்தார். திரை நிறைய ஒரு கொழுத்த பூனை மல்லாந்து கிடந்தது. பூனையின் வயிற்றின் மேல் ஐம்பது சின்னப் படங்கள். எதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அவர் மவுஸால் தேடிக்கொண்டிருந்தார்.

சிவரூபனால் பொறுக்க முடியவில்லை. "நீங்கள் கறுப்புத் திரையில்தான் வேலை செய்வீர்கள் என்று நினைத்தேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஏன்?" என்றார் ஹோகன், உண்மையாகவே விளங்காமல். "அப்படிச் செய்யச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

இங்கிரிட் சிரித்தாள். மற்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள். சிவரூபனும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

இனி வேண்டாமென்று அன்றே அதை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னணிப் படத்தை மாற்றினான். புதன் சாளரங்களுக்குக் கண்ணாடி போல ஒரு தோற்றம் கொடுத்தான். வியாழன் முழுவதும் மவுஸ் குறியின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் போயிற்று. அந்த வாரத்தில்தான் அவனுடைய ஒரு சேர்வர் முதன்முதலாக விழுந்தது. எழுப்பிவிட்டான், ஆனால் நாற்பது நிமிடம் கழித்து; விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை வட்டம் கூடியது. ஆட்கள் வருமுன் மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தி, டெஸ்க்டொப்பைப் பின்னால் தள்ளிக் கறுப்புத் திரையை முன்னால் கொண்டுவந்து வைத்தான். மவுஸ் மேசை லாச்சிக்குள் போனது. தியாகலிங்கமும் சுபாங்கனும் வந்து அமர்ந்தார்கள். சிவரூபன் மனக்கட்டுப்பாடு பற்றி அரை மணித்தியாலம் பேசினான். நன்றாகவே பேசினான்; இதற்கு முந்திய எந்த மாதத்தையும் விட நன்றாக.

அப்போது கீர்த்திகா கையில் ஒரு பென் டிரைவோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா எழும்புங்கோ. சுண்டுக்குளிக் காணியின்ரை படம், அளவு ஒண்டு பிழையெண்டு ஒப்பீஸ் ஐயா போன் பண்ணினவர். ரெண்டு நிமிசம்."

"கீர்த்தி, இப்ப கூட்டம்..."

அவள் அதற்குள் குனிந்து, லாச்சியை இழுத்து மவுஸை எடுத்து, அவனைப்போலவே மூன்று விசைகளைச் சேர்த்து அமத்திவிட்டாள். திரை விரிந்தது. நீலக் கடல், அதன்மேல் கண்ணாடிச் சாளரங்கள், கீழே நிறநிறமாக வரிசை. அவன் வெளியே போகிற நேரங்களில் ஒரு வாரமாக அவள் அதன் உலாவியில் காணிப் படங்களைத் திறந்து திருத்தி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் சிவரூபனுக்குத் தெரிந்தது.

கீர்த்திகா அளவைத் திருத்திவிட்டு, "சரி" என்று பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போனாள்.

தியாகலிங்கம்தான் முதலில் வாய் திறந்தார். "நல்ல வடிவாய்க் கிடக்கு தம்பி. நான் வீட்டிலை போட்டிருக்கிறது இவ்வளவு வடிவில்லை."

"நீங்களும் போட்டிருக்கிறியளே?"

"போடாமல்? கிரிக்கெட் எப்பிடிப் பாக்கிறது?"

சிவரூபன் சுபாங்கனைப் பார்த்தான். சுபாங்கன் நிலத்தைப் பார்த்தான். "கடையிலை வாடிக்கையாளர் வருவினமெல்லோ அண்ணை. வட்டத்துக்கு வரேக்கை மட்டும் நிப்பாட்டிப்போட்டு வாறனான்."

மூன்று அங்கத்தவர்களும் வட்டம் தொடங்கிய மூன்று வருடமாக ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறார்கள். அகப்பட்டவன் கஜானன் ஒருவன்தான். அவனும் நேர்மையால் அகப்படவில்லை, மறதியால் அகப்பட்டான்.

அன்று கூட்டம் வழக்கத்தை விட வேளைக்கே முடிந்தது. மறுநாள் கீர்த்திகாவின் முகத்துக்கு முன்னால் இருக்க முடியாமல் சிவரூபன் அரியாலைக்குப் போனான். கஜானனிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் வாக்கியம் கட்டினான். மன்னிப்பு என்ற சொல் வராமல் மன்னிப்புக் கேட்பது சுலபமான வேலையல்ல. செம்மணி தாண்டியும் வாக்கியம் முடியவில்லை.

கஜானன் முற்றத்தில் கொடியில் குழந்தையின் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். சிவரூபனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ அண்ணை! எவ்வளவு நாள். மகள் பிறந்தது தெரியுமோ? ஆறு மாசமாகுது."

"தெரியாது... கஜானன், அந்தக் கூட்ட விசயம்..."

"ஓம் அண்ணை, நானும் கேக்க வேணும் எண்டு நினைச்சன். ஏன் கூட்டத்தை நிப்பாட்டினீங்கள்? நல்லாத்தானே போனது. உங்களுக்கு வேலை கூடப்போலை எண்டு நினைச்சுப்போட்டு விட்டிட்டன்."

எட்டு மாதமாகச் சிவரூபன் தள்ளிவைத்திருந்த மனிதனுக்குத் தான் தள்ளிவைக்கப்பட்டதே தெரியாது. அதைவிடப் பெரிய அவமானத்தை யாரும் சிவரூபனுக்குச் செய்திருக்க முடியாது.

"ஓம்," என்றான். "கொஞ்சம் வேலை கூட."

வீட்டுக்கு வந்ததும் கீர்த்திகா கேட்டாள். "என்னவாம் கஜானன்?"

"அடுத்த மாசம் வாறானாம். நான் ஒண்டையும் மனசிலை வைச்சிருக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."



மனிதர் திருந்துவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்களுக்குச் சிவரூபன் அதிகம் உதவவில்லை. அந்த வாரமே வட்டத்துக்குப் புதிய விதிகள் எழுதினான். டெஸ்க்டொப் இனிக் குற்றமில்லை. ஆனால் அது எக்ஸ்எஃப்சிஈயாக இருக்க வேண்டும், அதையும் கையேட்டைப் பார்த்துத் தன் கையாலேயே பொருத்தியிருக்க வேண்டும். தயாராக வருவதைப் போட்டவர்கள் சேர்த்தியில்லை. மினுக்கம் கூடிய வேறு டெஸ்க்டொப்காரர் ஆறு மாதம் பார்வையாளராக இருந்து பழக வேண்டும். தியாகலிங்கம் வீட்டில் போட்டிருந்தது மினுக்கம் கூடியது என்று விசாரித்தபோது தெரியவந்தது. ஆகையால் அடுத்த கூட்டத்துக்கு அவருக்குச் செய்தி போகவில்லை.

முதலாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு, பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு அவர் படலையைத் திறந்தார். சிவரூபன் வாசலில் நின்று என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், கீர்த்திகா முன் அறைக்கு அவர் இருக்க இன்னுமொரு கதிரை கொண்டுவந்து போட்டாள்.